ஆச்சி குளவி என்ற பூச்சி

மார்கழி மழை விட்டு வெயில் எறித்த ஒரு காலை. சாவகச்சேரியில் எங்கள் வளவின் கிழக்கு எல்லை இன்னும் கிளுவங்கதியால் வேலிதான். அதன்மேல் வற்றாளைக்கு உறவான ஒரு காட்டுக்கொடி படர்ந்து கிடக்கும். அந்தக் கொடியில் கறுப்பும் நீலமும் சிவப்புமாக ஏதோ ஒன்று அசையாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் குனிய, கிணற்றடியிலிருந்து ஆச்சியின் குரல் வந்தது.

"தம்பி, உதைத் தொடாதை. குளவி! கொட்டிப்போடும்."

"இது குளவியில்லை ஆச்சி. பூச்சி."

"உனக்குத் தெரியும். கொட்டினாப் பிறகு சொல்லு."

ஆச்சிக்கு எண்பது தாண்டிவிட்டது. குளவியை அறியாதவர் அல்லர். விறாந்தைக் கூரையில் மண்கூடு கட்டும் குளவியையும், மாங்கொப்பில் காகிதம் போன்ற கூடு தொங்கவிடும் குளவியையும் பிரித்துச் சொல்வார். எதைக் கண்டால் ஓடவேண்டும், எதைக் கண்டால் இருந்த இடத்தில் இருக்கலாம் என்பதும் தெரியும். அப்படிப்பட்டவரே பத்தடி தூரத்தில் ஏமாந்தார். ஓர் அந்துப்பூச்சி எண்பது வருட அனுபவத்தை ஏமாற்றுகிறது என்றால் அதை உட்கார்ந்து பார்க்கத்தான் வேண்டும்.

அதன் அறிவியற் பெயர் யூக்ரோமியா பொலிமெனா. 1758இலேயே லின்னேயஸ் பெயர் வைத்துவிட்டார். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உண்டு. அந்துப்பூச்சி என்றால் இரவில் விளக்கைச் சுற்றும் சாம்பல் நிறச் சமாச்சாரம் என்றுதான் நாங்கள் நினைக்கிறோம். இது வெயிலில் பறக்கும். கறுப்பு இறக்கையில் ஒளி ஊடுருவும் செம்மஞ்சள் யன்னல்கள். அவற்றுக்கிடையே உலோகம்போல் மினுங்கும் நீலம். வயிற்றில் சிவப்புப் பட்டிகள். வண்ணாத்திப்பூச்சிபோல் இறக்கையைத் தலைக்குமேல் கூப்பி வைப்பதில்லை, பக்கவாட்டில் விரித்தே இருக்கும். பறப்பிலும் துள்ளல் கிடையாது. வாய்க்கால் ஓரத்தில் மண் தேடும் குளவியைப்போல் தாழ்வாக, அவசரமில்லாமல் போகும். கூட்டுப்புழு ஆகுமுன் இது அடம்பன், வற்றாளை ஆகியவற்றின் சாதியைச் சேர்ந்த கொடிகளின் இலையைத் தின்னும் மயிர்க்கொட்டியாக இருந்தது. வேலியில் அந்தக் கொடியை வெட்டாமல் விட்டதற்குக் கிடைத்த வாடகை என்று இதை நான் கணக்கு வைத்திருக்கிறேன்.

குளவிப் பக்கம் விறாந்தையில் இருக்கிறது. யன்னல் நிலையின் மேல்மூலையில் மண்ணால் பூசிய ஒரு புடைப்பு. கட்டியவள் மண்குளவி: கரிய உடல், மஞ்சட் கால்கள், நெஞ்சையும் வயிற்றையும் இணைக்க ஊசிபோல் நீண்ட மஞ்சள் இடை. அறிவியற் பெயரில் சென்னைப்பட்டணம் இருக்கிறது, செலிஃப்ரன் மதராஸ்பட்டானம். டென்மார்க்கில் பிறந்து லின்னேயஸிடம் படித்த ஃபப்ரிசியஸ் 1781இல் வைத்த பெயர். அதே ஆண்டில் அவர் பெயரிட்ட இன்னொரு பூச்சி அமாட்டா பசாலிஸ். இதுவும் குளவி வேடம் போடும் பகல் அந்துப்பூச்சிதான், இலங்கையிலும் உண்டு. தென்னிந்தியாவில் சந்தன மரத்து இலையைத் தின்கிறது என்று வனத்துறைக்காரரிடம் கெட்ட பெயர் வாங்கியது. இப்படி, எங்கள் பக்கத்துக் குளவியும் அதன் சாயலில் திரியும் பூச்சியும் ஒரே ஆண்டில் ஒரே கையால் அறிவியலுக்குள் நுழைந்தன. ஒரு நூற்றாண்டு கழித்தும் இருவரும் ஒன்றாகத்தான் போனார்கள். 'பிரித்தானிய இந்தியாவின் விலங்குகள்' நூல்வரிசையில் ஹாம்ஸன் அந்துப்பூச்சிகளின் முதல் தொகுதியை 1892இல் வெளியிட்டார். பிங்காம் குளவி, தேனீக்களின் தொகுதியை 1897இல் வெளியிட்டார். இலங்கையின் குளவிகள் இன்னும் நுணுக்கமாக வகைப்படுத்தப்பட்டது 1970களில், ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் கார்ல் குரொம்பைன் திரும்பத் திரும்ப இங்கு வந்து உழைத்தபோது.

மண்குளவி மண் சுமப்பதைப் பார்க்க வாழைப்பாத்திக்குத் தண்ணீர் கட்டிய பின் போகவேண்டும். ஈரச் சேற்றில் தலையைக் கீழே வைத்து, வயிற்றை மேலே தூக்கி, தாடையால் சுரண்டி ஒரு மணி உருட்டுவாள். அதைத் தூக்கிக்கொண்டு விறாந்தைக்கு வந்து கூட்டில் அப்பும்போது மெல்லிய ரீங்காரம் கேட்கும். அந்த அதிர்வில் மண் இளகிப் படியும். தென்மராட்சியில் கூடு சாம்பல் நிறம். வலிகாமத்தில் என் மாமா வீட்டில் அதே குளவியின் கூடு செங்கல் நிறம். மண் அந்தந்த ஊர் மண்தானே.

ஒருமுறை ஒரு பழைய கூட்டை உடைத்துப் பார்த்தேன். இப்போது செய்யமாட்டேன். நீள்வட்ட அறைகள் நான்கு, ஒன்றோடொன்று ஒட்டி. மூன்றில் கூட்டுப்புழு உறைகள். நான்காவதில் சிலந்திகள்: பச்சை, கபிலம், கோடு போட்டது என ஒன்பது, மூட்டையில் உடுப்பு அடைத்ததுபோல் திணித்திருந்தன. ஊசியால் தொட்டதும் ஒன்றின் கால் மெல்ல நடுங்கியது. செத்தவை அல்ல. கொட்டி முடக்கி வைத்தவை. செத்த இறைச்சி இரண்டு நாளில் நாறிவிடும், முடங்கிய இறைச்சி நாறாது. குளிர்ப்பெட்டி இல்லாமல் குளவி கண்ட வழி அது. சேமிப்பில் ஒரு சிலந்தியின் வயிற்றில் முட்டையை ஒட்டி, வாசலை மண்ணால் பூசிவிட்டுத் தாய் போய்விடுவாள். அவள் குடிப்பது பூந்தேன். இறைச்சி பிள்ளைக்குத்தான்.

சிலந்தி பிடிப்பவள் இவள். மண்ணால் சின்னக் குடம்போல் கட்டும் இன்னொரு குளவி புழு பிடிப்பவள்; அந்துப்பூச்சிகளின் புழுக்கள்தான் அவளுக்கு இரை. பிரெஞ்சுக்காரர் ஃபாப்ர் இந்தக் குடக்குளவிகளின் கூட்டில் கண்ட ஒரு விடயம் என்னை விட்டுப் போகவே இல்லை. முட்டை புழுக்களின்மேல் இல்லை. கூரையிலிருந்து மெல்லிய இழையில் தொங்குகிறது. முடங்கிய புழுக்கள் அரைகுறையாக நெளியும், நெளிந்தால் முட்டை நசுங்கும். ஆகவே தொட்டிலைக் கூரையில் கட்டினாள்.

கூட்டுக்குள் புழு போகிறது, சில வாரம் கழித்துக் குளவி வருகிறது. வெளியிலிருந்து பார்ப்பவனுக்குத் தெரிவது இவ்வளவே. இதிலிருந்து நம் முன்னோர் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: குளவி புழுவைக் கொட்டக் கொட்ட, அந்தப் புழு பயத்தில் குளவியையே நினைத்து நினைத்துக் கடைசியில் குளவியாகவே மாறிவிடுகிறது. பாகவத புராணத்தில் அவதூதர் தமக்கு வாய்த்த இருபத்துநான்கு குருமாரை அடுக்கும்போது கடைசிக் குருவாகச் சொல்வது இந்தக் குளவியைத்தான். எதை இடைவிடாமல் நினைக்கிறாயோ அதுவாகிறாய் என்பது பாடம். சைவப் பிரசங்கங்களிலும் 'வேட்டுவன்' என்ற பெயரில் இந்தக் குளவி அடிக்கடி வரும். குரு சீடனைத் தம்மைப்போல் ஆக்குவதற்கு உவமை. மட்டுவிலில் பிறந்த பண்டிதமணி கணபதிப்பிள்ளை 'கந்தபுராண கலாசாரம்' என்று பெயர் சூட்டிய ஒரு வாழ்க்கை இந்தப் பக்கத்தில் இருந்தது. புராண படனம் கேட்டு வளர்ந்த ஆச்சிக்கு அந்த உவமை நாக்கு நுனியில் நிற்கும்.

அவதூதரின் பட்டியலில் அந்துப்பூச்சியும் உண்டு, பதினோராவது குருவாக. விளக்கில் விழுந்து சாகும் விட்டில் அது. ஆசையால் அழிவதற்கு எடுத்துக்காட்டு. குளவிக்கு முந்திய இருபத்துமூன்றாவது இடம் சிலந்திக்கு. எங்கள் விறாந்தையும் வேலியும் சேர்ந்து அந்தப் பட்டியலின் ஒரு பகுதியை வைத்திருக்கின்றன.

உவமையின் உயிரியல் தவறு. புழு குளவியாவதில்லை, குளவியின் பிள்ளைக்குச் சாப்பாடாகிறது. கூட்டை உடைத்த அன்று ஆச்சிக்கு இதை விளக்கினேன். "அப்ப குரு சீடனைத் தின்னுறார் எண்டே சொல்லுறாய்?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை.

ஆனால் வேலியில் இருந்த பூச்சியைப் பார்த்தபிறகு, அந்த உவமை வேறொரு இடத்தில் பொருந்துகிறதே என்று எனக்குப் பட்டது. அந்துப்பூச்சி வம்சம் ஒன்று, இலட்சக்கணக்கான தலைமுறைகளில், உண்மையிலேயே குளவியின் உருவத்தை நோக்கி நகர்ந்திருக்கிறது. நகர்த்தியது பயம்தான். ஆனால் புழுவின் பயமல்ல, பறவையின் பயம். ஒருமுறை குளவியிடம் கொட்டு வாங்கிய கரிக்குருவி கறுப்பு உடலையும் பளிச்சிடும் பட்டியையும் மறக்காது. அந்தச் சாயல் கொஞ்சமேனும் உள்ள பூச்சியைக் கண்டு அது ஒரு கணம் தயங்கினாலே போதும். அந்தக் கணத்தில் தப்பிய பூச்சி முட்டையிடும், தப்பாதது இடாது. மீதியைக் கூர்ப்பு பார்த்துக்கொள்ளும். எதை நினைத்தாயோ அதுவாவாய் என்பதில் நினைப்பவர் ஒருவர், ஆகிறவர் இன்னொருவர்.

இதை முதலில் எழுத்தில் தெளிவாக வைத்தவர் ஹென்றி வால்டர் பேற்ஸ். 1848இல் அமேசன் காட்டுக்குப் போய்ப் பதினொரு ஆண்டு பூச்சி பிடித்த இங்கிலாந்துக்காரர். உண்ணத்தகாத வண்ணாத்திப்பூச்சிகளின் கூட்டத்தில் வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை அதே உடுப்போடு பறப்பதைக் கண்டு 1862இல் எழுதினார். டார்வினின் நூல் வந்து மூன்றே ஆண்டில், இயற்கைத் தேர்வுக்கு அவர் காட்டிய சான்று இது. 1935இல் ஜேர்மனியில் மொஸ்ற்லர் என்பவர் குஞ்சிலிருந்து கையில் வளர்த்த பறவைகளுக்குக் குளவிகளையும் குளவி வேடமிட்ட ஈக்களையும் கொடுத்துப் பார்த்தார். குளவியை அறியாத பறவை வேடதாரியைத் தயங்காமல் தின்றது. குளவியிடம் பட்டறிந்த பறவை வேடதாரியையும் ஒதுக்கியது. எங்கள் ஆச்சி எந்தப் பக்கம் என்று சொல்லத் தேவையில்லை.

உருப்போலி எவ்வளவு தூரம் போகிறது என்று கையில் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். இறந்து கிடந்த ஒரு யூக்ரோமியாவை வெள்ளைக் காகிதத்தில் வைத்து, கண்ணாடியால் பார்த்தேன். 'யன்னல்கள்' உள்ள இடத்தில் செதில் குறைந்து ஒளி ஊடுருவுகிறது. மற்ற இடமெல்லாம் கூரை ஓடுபோல் செதில்கள், விரலில் தடவினால் மாவாக வருகின்றன. குளவியின் இறக்கையில் செதில் இல்லை, அது வெறும் சவ்வு. குளவிக்குக் கடிக்கும் தாடை. பூச்சிக்குச் சுருட்டி வைத்த உறிஞ்சுகுழல். குளவியின் இடை மெய்யாகவே ஒடுங்கியது. பூச்சியின் இடை தடித்தது. ஆனால் இந்தக் கூட்டத்துப் பல இனங்களில் வயிற்றின் அடியில் வெளிர்ப்புள்ளிகள் வைத்து, தூரத்திலிருந்து பார்க்க அந்த இடம் இல்லாததுபோல் காட்டியிருக்கும். சேலைக்கரை போட்டு இடுப்பைச் சிறிதாகக் காட்டும் தையற்காரரின் வேலை.

ஓரிடத்தில் மட்டும் இரண்டும் போலி செய்யாமலே ஒத்துப்போகின்றன. இரண்டுக்கும் நான்கு இறக்கை, ஆனால் பறக்கும்போது இரண்டாக இயங்கவேண்டும். குளவி பின்னிறக்கையின் முன்விளிம்பில் வரிசையாகக் கொளுக்கிகள் வைத்து முன்னிறக்கையைப் பிடிக்கிறது. அந்துப்பூச்சி பின்னிறக்கையிலிருந்து ஒரு முள்மயிரை நீட்டி முன்னிறக்கையின் அடியிலுள்ள பிடியில் மாட்டுகிறது. 30 கோடி ஆண்டுக்கு மேல் முன்பே பிரிந்துபோன இரு வம்சங்கள் ஒரே சிக்கலுக்குத் தனித்தனியே கண்ட தீர்வு. வெளியே தெரியும் ஒற்றுமை வேடம்; தெரியாமல் உள்ளே இருக்கும் இந்த ஒற்றுமையில் வேடம் எதுவும் இல்லை.

இனி, 'வேடம்', 'ஏமாற்று' என்று எழுதியதை நான் திருத்தவேண்டும். யூக்ரோமியாவை வெறும் கள்ளன் என்று சொல்லமுடியாது. வயல் வரம்பில் தேட்கொடுக்கு என்று ஒரு செடி வளரும். பூங்கொத்து தேளின் வால்போல் சுருண்டிருப்பதால் அந்தப் பெயர். கால்நடை தின்றால் ஈரலைக் கெடுக்கும் நச்சுப்பொருள் அதில் உண்டு. யூக்ரோமியா சாதியைச் சேர்ந்த ஆண்கள் இந்தச் செடியினத்தின் வாடிய தண்டுகளைத் தேடிப்போய் அந்த நஞ்சை உறிஞ்சுவது பதிவாகியிருக்கிறது. கொடுக்கில்லாத பூச்சி, தன் காவலைத் தேட்கொடுக்கிடம் கடன் வாங்குகிறது. புளோரிடாவில் வாழும் உறவினம் ஒன்றில் இது இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஆண் தான் சேர்த்த நஞ்சைப் பஞ்சுபோன்ற இழைகளில் ஏற்றி, கூடுமுன் பெண்ணின்மேல் தூவிவிடுகிறது. அந்த இழைகள் சுற்றியிருக்கும்வரை சிலந்தி பெண்ணைத் தின்னாமல் வலையிலிருந்து வெட்டி விட்டுவிடுகிறது. 2000ஆம் ஆண்டில் கொனரும் ஐஸ்னரும் தோழர்களும் வெளியிட்ட ஆய்வு அது. கூறைச்சேலையே கவசமாக.

எங்களூர்ச் சணல் வயலில் இன்னொரு பகற்பூச்சி உண்டு. நெல் வெட்டியபின் பசளைக்காக விதைக்கும் சணல் மஞ்சளாகப் பூத்து நிற்கும்போது, வெள்ளை இறக்கையில் சிவப்பும் கறுப்பும் புள்ளி வைத்து வரப்போரம் எழும். யூட்டதீசா என்பார்கள். அதுவும் சணல் விதையிலிருந்து அதே வகை நஞ்சைப் புழுப்பருவத்திலேயே சேர்த்துவைக்கும். ஆனால் குளவிபோல் இருக்க அது முயலவே இல்லை. எனக்கு நஞ்சுண்டு, இது என் நிறம் என்று நேரே சொல்கிறது. நஞ்சும் வைத்துக்கொண்டு குளவிச் சாயலும் வைத்துக்கொண்டிருக்கும் யூக்ரோமியாவை எதில் சேர்ப்பது? நஞ்சுள்ளவை பல சேர்ந்து ஒரே அடையாளத்தைப் பகிர்ந்துகொண்டால், பறவைக்குப் பாடம் படிப்பிக்கும் செலவும் பகிர்ந்துபோகும் என்று பிரேசிலில் வாழ்ந்த ஃபிரிற்ஸ் முல்லர் 1870களின் கடைசியில் காட்டினார். குளவியும் யூக்ரோமியாவும் நடத்துவது ஒரு கூட்டுச்சீட்டு என்றே நான் நினைக்கிறேன். ஒருவர் கொஞ்சம் கூடுதலாகக் கட்டுகிறார், மற்றவர் குறைவாகக் கட்டுகிறார், இலாபம் இருவருக்கும்.

குளவி மட்டும் பெரிய நேர்மைக்காரனா? கொடுக்கு என்பது முட்டையிடும் உறுப்பு மாறி வந்தது. ஆகவே பெண் மட்டுமே கொட்டும். ஆண் குளவி அதே உடுப்பு, அதே மஞ்சள், அதே ரீங்காரம், ஆனால் கையில் ஒன்றுமில்லை. தன் சகோதரியின் பெயரில் பயமுறுத்திக்கொண்டு திரிகிறான். இதிலும் ஒரு திருப்பம்: யப்பானில் கோபே பல்கலைக்கழக ஆய்வாளர் 2022இல் ஓர் இனத்தின் ஆண் குளவிகளை மரத்தவளைகளுக்குக் கொடுத்தபோது, அவை பிறப்புறுப்பிலுள்ள இரு முட்களால் தவளையின் வாயைக் குத்தின. மூன்றிலொரு பங்கு ஆண்களைத் தவளைகள் துப்பிவிட்டன. கந்தசஷ்டிக்குச் சூரன் தலை மாற்றி மாற்றி வருவதை ஆண்டுதோறும் வீதியில் நின்று பார்க்கும் எங்களுக்கு, எது சொந்தத் தலை என்ற கேள்வி புதிதல்ல.

பயம் பெயரையும் குழப்பும். மலையகத்திலிருந்து 'குளவிக் கொட்டுக்கு இலக்காகித் தோட்டத் தொழிலாளர் வைத்தியசாலையில்' என்று செய்தி வராத மாதம் குறைவு. பல வேளைகளில் அங்கே கொட்டுவது குளவியே அல்ல, பாறையிலும் உயர்மரத்திலும் திறந்த அடை கட்டும் பெருந்தேனீ. கொழுந்து பறிப்பவருக்கு அந்த வேறுபாடு அந்த நேரத்தில் பயன்படாது, ஓடத்தான் வேண்டும். ஆனால் கூட்டை அகற்றுவதா, காப்பதா என்று முடிவெடுப்பவருக்கு வேறுபாடு தெரிந்திருக்கவேண்டும்.

எங்கள் வீட்டில் அந்த முடிவை நானே எடுக்கவேண்டி வந்தது 2000ஆம் ஆண்டுக்குப் பிறகு. அந்த ஆண்டுச் சண்டையில் சாவகச்சேரி நகரம் தரைமட்டமானது தெரிந்ததே. இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது வீட்டின் முன்சுவர் நின்றது. சன்னம் துளைத்த ஓட்டைகள் நிறைய. கிட்டப்போய்ப் பார்த்தால் பாதி ஓட்டைகளின் வாய் சாம்பல் மண்ணால் நேர்த்தியாகப் பூசி அடைத்திருந்தது. ஏற்கெனவே உள்ள துளையில் குடியேறி, புழுக்களை அடைத்து, வாசலை மூடும் குளவிகளின் வேலை. மேசன் வந்து சீமெந்து குழைத்தபோது, அடைத்திருந்த ஓட்டைகளைக் கொஞ்ச நாள் விடச்சொன்னேன். அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். ஆச்சி பார்த்த பார்வையை எழுதத் தேவையில்லை. மாசி முடிய ஒவ்வொன்றாகத் துளை விழுந்தது, குளவிகள் போயின, பிறகு பூசினோம்.

போன தை மாதம் அதே கிழக்கு வேலியில் யூக்ரோமியா இரண்டு, வாலோடு வால் ஒட்டி, எதிரெதிர்த் திசை பார்த்து இருந்தன. ஒன்றின் பின்னிறக்கையில், செம்மஞ்சள் யன்னலை வெட்டிக்கொண்டு, 'ஆப்பு' வடிவில் ஒரு துண்டு இல்லை. சொண்டு பட்ட அடையாளம். ஏதோ ஒரு குருவி பிடித்திருக்கிறது, வாயில் வைத்திருக்கிறது, விட்டிருக்கிறது. உருவத்தால் தப்பியதா, ருசியால் தப்பியதா என்று இறக்கையைப் பார்த்துச் சொல்லமுடியவில்லை. கமெராவை எடுக்க உள்ளே போனேன். திரும்பி வரும்போது, துவைத்த உடுப்பு வாளியோடு ஆச்சி வேலிப்பக்கம் வந்துகொண்டிருந்தார். கொடிக்கயிறு அங்கேதான் கட்டியிருக்கிறது. பூச்சிகளைக் கண்டு நின்றார்.

"இப்ப ரண்டு குளவி" என்றார். வாளியைத் தூக்கிக்கொண்டு, கிணற்றைச் சுற்றி மற்றப் பக்கத்தால் போனார்.